இணையத்தில் இடம்பெயர்ந்த உரையாடல்

மனிதர் கூடிப் பேசுவதற்கு ஓரிடம் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே சந்தி மதவடியும், கோயில் வீதியும், வாசிகசாலையும் அத்தகைய இடங்களாக நெடுங்காலம் விளங்கி வந்தன. வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். மற்றவர் கேட்டிருந்து, ஒத்தும் மறுத்தும் கருத்துரைப்பர். இடம் மாறினாற் பேச்சின் இயல்பும் மாறிவிடும். ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து பேசும் முறை வேறு. சந்தையில் நின்று பேசும் முறை வேறு. விறாந்தையில் வீட்டுக்காரருக்கு ஒரு பொறுப்புண்டு. வந்தவருக்கு ஓர் அடக்கமுண்டு. சந்தையிலே கூட்டமும் ஆரவாரமும் மிகுதி. ஆனால் நேற்று அங்கே பேசப்பட்டதை இன்று எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

கணினி வலையிலே நடந்த மனித உரையாடலுக்கும் இத்தகைய ஒரு வரலாறு உண்டு. 21 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வலைப்பதிவுகளின் கீழே வேரூன்றி வளர்ந்த உரையாடல், அடுத்த பத்தாண்டிற்குள் அவ்விடத்தை விட்டுப் பெயர்ந்து, சில பெருங் கொம்பனிகளுக்குரிய தளங்களிற் குடியேறியது. எவரும் ஆணையிட்டு இது நிகழவில்லை. இலட்சக்கணக்கானோர் தத்தம் வசதி கருதி எடுத்து வைத்த சிறு அடிகளே சேர்ந்து இப்பெயர்ச்சியாயின. அது எவ்வாறு நிகழ்ந்தது, அதனாற் பெற்றது யாது, இழந்தது யாது என்பன ஆராயத் தக்கவை.

வலைப்பதிவு தோன்றுவதற்கு முன்னரே கணினிகளின் வழியே பொது உரையாடல் தொடங்கிவிட்டது. 1979 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழக மாணவர்களான ரொம் ரஸ்கொற், ஜிம் எலிஸ் என்னும் இருவர் யூஸ்நெற் என்னும் அமைப்பிற்கு வித்திட்டனர். 1980 இல் அது இயங்கத் தொடங்கிற்று. ஓரிடத்தில் எழுதப்பட்ட மடல் கணினியிலிருந்து கணினிக்குப் படியெடுக்கப்பட்டுச் சென்றது. எனவே அதற்குத் தனியொரு சொந்தக்காரர் இருக்கவில்லை. ஒரு கணினி நின்றுபோனாலும் உரையாடல் நின்றுபோகவில்லை. பொருளுக்கொரு குழுவாக அது பிரிந்திருந்தது. புலம்பெயர்ந்த தமிழரும் தமக்கென அங்கே ஒரு குழுவை அமைத்துக்கொண்டனர். பின்னர், 1995 இல் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெற் என்னும் அஞ்சற் குழு, உலகெங்கும் சிதறியிருந்த தமிழ் ஆர்வலரை ஓரிடத்திற் கூட்டிற்று.

இதற்கிடையில், சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்திலே பணியாற்றிய ரிம் பேணேர்ஸ் லீ, 1989 இல் உலகளாவிய வலை என்னும் திட்டத்தை முன்வைத்தார். 1991 இல் அது வெளியுலகிற்கு அறிமுகமாயிற்று. 1993 ஏப்பிரல் 30 ஆம் நாள், அதன் அடிப்படை மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்நிலையம் அறிவித்தது. வலையில் எவரும் தமக்கென ஒரு பக்கத்தை அமைத்துக்கொள்ள வழி திறந்தது அன்றுதான் எனலாம்.

அவ்வாறு அமைந்த பக்கங்களுள், நாளுக்கு நாள் புதியது சேர்த்து, அண்மையில் எழுதியதை மேலே வைக்கும் ஒரு வகை தனியே கிளைத்தது. ஜோர்ண் பார்கர் என்பவர் 1997 டிசம்பரில் அதற்கு 'வெப்லொக்' என்று பெயர் சூட்டினார். 1999 இல் பீற்றர் மேர்ஹோல்ஸ் அச்சொல்லை விளையாட்டாகப் பிரித்து எழுத, 'புளொக்' என்னும் குறுஞ்சொல் பிறந்தது. தமிழர் அதனை வலைப்பதிவு என்றும் வலைப்பூ என்றும் வழங்கினர். அதே 1999 இல் ஈவன் வில்லியம்ஸ், மெக் ஹூரிஹான் ஆகியோரின் சிறு நிறுவனம் புளொக்கர் என்னும் சேவையை வெளியிட்டது. நிரல் எழுதத் தெரியாதவரும் சில நிமிடங்களிலே தமக்கொரு பதிவைத் தொடங்கலாம் என்னும் நிலை அதனால் உருவாயிற்று. 2003 பெப்ரவரியில் அந்நிறுவனத்தைக் கூகிள் வாங்கிற்று. அதே ஆண்டிலே வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருளும் வெளிவந்தது.

வலைப்பதிவிலே உரையாடல் எவ்வாறு நடைபெற்றது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒவ்வோர் இடுகைக்கும் மாறாத ஒரு முகவரி உண்டு. பல ஆண்டுகளின் பின்னரும் அதனைச் சுட்டிக் காட்டலாம். இடுகையின் கீழே வாசகர் தம் கருத்தை எழுதுவதற்கு ஓர் இடம் உண்டு. 1998 இல் தொடங்கிய ஓப்பன் டயறி என்னும் தளமே இவ்வசதியை முதன்முதல் அளித்தவற்றுள் ஒன்று. தமிழில் இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். நீண்ட மறுப்பு எழுத விரும்பியவர் தமது சொந்தப் பதிவிலே எழுதி, மூலப் பதிவிற்கு இணைப்புக் கொடுப்பார். அவ்வாறு ஒருவர் மறுமொழி எழுதியுள்ளார் என்பதை மூலப் பதிவிற்குத் தானாகவே அறிவிக்கும் ஏற்பாடொன்றை, மூவபிள் ரைப் என்னும் மென்பொருளை ஆக்கியோர் 2002 இல் அமைத்தனர். இங்ஙனம் ஒவ்வொருவரும் தத்தம் வளவில் இருந்தபடியே வேலிக்கு மேலாக அயலவருடன் உரையாடினர்.

தமிழில் வலைப்பதிவுகள் 2003 ஆம் ஆண்டளவில் முளைவிட்டன. அதற்கு முன்னர் தமிழ் எழுத்துருக்கள் பலவாகப் பிரிந்து கிடந்தன. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அதே எழுத்துரு வேண்டியிருந்தது. யூனிக்கோட் என்னும் பொதுக் குறிமுறை பரவிய பின்னரே இத்தடை நீங்கிற்று. 2004 இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்னும் திரட்டியை நிறுவினார். பல பதிவுகளிலும் புதிதாக வந்த இடுகைகளை அது ஒரே பக்கத்திலே தொகுத்துக் காட்டிற்று. எந்த இடுகைக்குப் புதிதாகப் பின்னூட்டம் வந்துள்ளது என்பதையும் காட்டிற்று. ஆகவே, கொழும்பிலிருந்து ஒருவர் எழுத, ரொறன்ரோவிலிருந்து ஒருவர் மறுக்க, மதுரையிலிருந்து மூன்றாமவர் சமாதானம் சொல்ல, அவ்வுரையாடல் முழுவதும் ஓரிடத்திலே வரிசையாக நின்றது. இலங்கைப் பேச்சுத் தமிழும் தமிழகப் பேச்சுத் தமிழும் அச்சேறாத வடிவில் ஒன்றையொன்று அறிமுகஞ் செய்துகொண்ட களங்களில் இது முக்கியமானது. 2009 இல் இலங்கைத் தமிழ்ப் பதிவர்கள் கொழும்பிலே நேரிற் சந்தித்து ஒன்றுகூடினர். எழுத்தால் அறிந்த முகங்களைக் கண்ணாற் கண்டு மகிழ்ந்த கூட்டம் அது.

துயரக் காலத்திலும் வலைப்பதிவு பயன்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, இந்தியாவிலும் பிறநாடுகளிலும் இருந்த பதிவர்கள் சேர்ந்து உதவிச் செய்திகளைத் தொகுக்கும் ஒரு பதிவைத் திறந்தனர். இலங்கைக் கரையோரத்திலிருந்து கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியாக வந்த விவரங்களும் அதில் வெளியாயின.

இத்துணைச் சிறப்புடைய அமைப்பிலே உள்நோய்களும் இருந்தன. முதலாவது, விளம்பரக் குப்பை. தேடுபொறியில் தம் பெயர் மேலே வரவேண்டும் என்று கருதிய வணிகர், இயந்திரங்களைக் கொண்டு பின்னூட்டப் பெட்டிகளிலே இணைப்புகளைக் கொட்டினர். 2005 இன் தொடக்கத்தில், பின்னூட்ட இணைப்புகளைத் தரவரிசைக் கணிப்பில் சேர்க்காதிருக்க ஒரு குறியீட்டைக் கூகிள் அறிமுகஞ் செய்தது. ஆயினும் குப்பை குறையவில்லை. இரண்டாவது, பெயர் மறைத்து வந்து வசைபாடுவோர் தொல்லை. ஒவ்வொரு பின்னூட்டத்தையும் வாசித்து அனுமதிக்கும் சுமை பதிவின் சொந்தக்காரர் தலையில் விழுந்தது. மூன்றாவது, வாசகர் பத்துப் பதிவைப் படிக்கப் பத்து வாயிலை நாடிச் செல்ல வேண்டும். புதியவற்றை ஓரிடத்திற்கு வருவிக்கும் செய்தியோடை என்னும் நுட்பம் 1999 முதல் இருந்ததெனினும், அதைப் பயன்படுத்தத் தெரிந்தோர் சிலரே.

இந்நிலையிலேதான் புதிய தளங்கள் எழுந்தன. 2004 பெப்ரவரியில் ஹாவார்ட் பல்கலைக்கழக மாணவர்க்கெனத் தொடங்கிய முகநூல், 2006 செப்ரெம்பரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. நண்பர் அனைவரின் எழுத்தையும் ஒரே ஓட்டமாகக் காட்டும் முறையும் அதே மாதத்தில் அதிற் புகுந்தது. அதே ஆண்டிலே டுவிட்டர் தோன்றிற்று. புளொக்கரை ஆக்கிய ஈவன் வில்லியம்ஸே டுவிட்டரை நிறுவியோருள்ளும் ஒருவர் என்பது நோக்கத்தக்கது. நீண்ட எழுத்திற்கு வீடு கட்டிக் கொடுத்தவர், ஏழாண்டுகளின் பின்னர் 140 எழுத்துக்குள் அடங்கும் கூற்றிற்கு மேடை அமைத்துக் கொடுத்தார். கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியின் அளவிற்குப் பொருந்துமாறு வகுக்கப்பட்ட எல்லை அது. 2017 இலே அது 280 ஆக உயர்த்தப்பட்டது.

வலைப்பதிவு வாசகரிடம் கேட்ட உழைப்பை இத்தளங்கள் கேட்கவில்லை. பத்து வாயிலுக்குச் செல்ல வேண்டியதில்லை. ஒரே வாயிலில் எல்லோரும் இருந்தனர். ஒருமுறை பெயர் பதிந்தாற் போதும். 2009 இல் முகநூல் விருப்பக் குறியை அமைத்தபின், ஒரு சொல்லேனும் எழுதாமலே தம் உடன்பாட்டைத் தெரிவிக்கலாம் என்றாயிற்று. 2010 இல் அக்குறி வெளித்தளங்களிலும் பதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே முகநூலின் பின்னூட்டப் பெட்டியையே பிற தளங்கள் தம் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வழி செய்யப்பட்டது. கைத்தொலைபேசியே பலரின் கணினியாக மாறிய காலமும் அது. பெருவிரலால் எழுதுவோர்க்கு நான்கு பந்தி எழுதுவதிலும் நான்கு சொல் எழுதுவது இலகு.

பெயர்ச்சி மூன்று படிகளாக நிகழ்ந்தது. முதலிற் பின்னூட்டம் வெளியேறிற்று. ஒருவர் தம் பதிவில் எழுதுவார்; வாசகர் அதன் இணைப்பை முகநூலில் இட்டு, அங்கேயே விவாதிப்பர். எழுதியவர் தம் இடுகையின் கீழே ஒரு கருத்தும் இல்லையே என்று கவலுவார். அதே வேளையில் அவர் காணாத ஐந்து முற்றங்களிலே அவரெழுத்து வாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அடுத்து, எழுத்தும் வெளியேறிற்று. கேட்போர் அங்கிருக்க இங்கிருந்து பேசுவதேன் என்று எண்ணிய பதிவர்கள் முகநூலிலேயே எழுதலாயினர். இறுதியில் வாசிக்கும் பழக்கமும் மாறிற்று. செய்தியோடைகளைப் படிப்பதற்குப் பெரிதும் பயன்பட்ட கூகிள் ரீடர் 2013 யூலை 1 ஆம் நாள் மூடப்பட்டபோது, பதிவுகளைத் தேடிச் சென்று படிக்கும் வழக்கத்திற்கிருந்த பெரிய பாலமொன்று உடைந்தது.

தனியாட்களைப் போலவே பெரும் நிறுவனங்களும் தம் பின்னூட்ட வாயில்களைச் சாத்தின. அறிவு பற்றிய தவறான எண்ணங்களைச் சில பின்னூட்டங்கள் விதைக்கின்றன என்னும் காரணங்காட்டி, அமெரிக்காவின் பொப்பியூலர் சயன்ஸ் சஞ்சிகை 2013 இல் அவற்றை நிறுத்திற்று. செய்திகள் பற்றிய நல்ல விவாதம் சமூக வலைத்தளங்களுக்கே சென்றுவிட்டதெனக் கூறி, ரோய்ட்டர் செய்தி நிறுவனம் 2014 இல் செய்திகளின் கீழ் வந்த பின்னூட்டங்களை நீக்கிற்று. 2016 ஓகஸ்டில் அமெரிக்காவின் தேசிய பொது வானொலியும் இவ்வழியே சென்றது. அவ்வானொலி வெளியிட்ட கணக்கு சிந்திக்கத் தக்கது: அவ்வாண்டு யூலை மாதத்தில் அதன் தளத்திற்கு வந்தோர் ஏறத்தாழ 3 கோடி 30 இலட்சம், எழுதப்பட்ட பின்னூட்டங்கள் 4 இலட்சத்து 91 ஆயிரம், ஆனால் அவற்றை எழுதியோர் 19,400 பேர் மாத்திரமே. வந்தவருள் நூற்றுக்கு 0.06 பங்கினரே பேசினர். எஞ்சியோர் வாளாவிருந்தனர், அன்றி வேறிடத்திற் பேசினர்.

இப்பெயர்ச்சியினால் விளைந்த நன்மையை மறுத்தல் ஆகாது. வலைப்பதிவிலே எழுதியோர் பெரும்பாலும் கணினியிலே பழகியவர்; நீண்டு எழுதும் ஆற்றலும் அவகாசமும் உடையவர். புதிய தளங்களில் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. ஒருபோதும் ஒரு பதிவைத் தொடங்கியிராத முதியவரும், வயலிலும் கடையிலும் வேலை செய்வோரும், தம் கைத்தொலைபேசியிலே தமிழில் எழுதலாயினர். பிரிந்த உறவினர் ஒருவரையொருவர் கண்டடைந்தனர். வெள்ளம், விபத்து, மருத்துவத் தேவை என்னும் செய்திகள் சில நிமிடங்களிற் பரவின. பேசுவோர் தொகை பெருகியது ஒரு குடியாட்சிச் சமுதாயத்திற்குச் சிறு பேறன்று.

இழந்தவையும் சிறியனவல்ல. வலைப்பதிவிலே எழுத்து எழுதிய வரிசைப்படி நின்றது. தளங்களிலோ, எவருக்கு எது காட்டப்பட வேண்டும் என்பதை ஒரு கணிப்பு முறை தீர்மானிக்கின்றது. மிகுதியான எதிர்வினையை எழுப்பும் எழுத்து மேலே மிதக்கின்றது. அமைதியானது அடியிலே தங்கிவிடுகின்றது. வீட்டுக்காரர் ஒருவர் இருந்து வசைபாடியைத் தடுத்த நிலையும் போயிற்று. அதன் கொடிய பயனை இலங்கை நேரிலே கண்டது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல்கள் நிகழ்ந்தபோது, வெறுப்பூட்டும் செய்திகள் முகநூல் வழியே பரவின. அரசாங்கம் அத்தளத்தையும் அது போன்ற வேறு சிலவற்றையும் சில நாட்கள் முடக்கிற்று. அவ்வன்செயல்களில் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு அந்நிறுவனம் 2020 இலே மன்னிப்புக் கோரிற்று. 2019 ஏப்பிரலிற் குண்டுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்பிரலிற் பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின்போதும் இத்தகைய முடக்கம் மீண்டும் நிகழ்ந்தது. உரையாடல் ஆயிரம் வளவுகளிற் பரந்திருந்த காலத்தில் அதனை ஒரே நாளில் அடைத்தல் அரிது. எல்லாம் இரண்டு மூன்று வாயில்களுக்குள் வந்தபின், ஓர் உத்தரவினால் நாடு முழுவதன் பேச்சையும் நிறுத்த முடிந்தது.

மற்றோர் இழப்பு நினைவைப் பற்றியது. கூகிள் 2011 இல் கூகிள் பிளஸ் என்னும் சமூகத் தளத்தைத் தொடங்கிற்று. 2013 இல், புளொக்கர் பதிவர்கள் தம் பின்னூட்டப் பெட்டிக்குப் பதிலாகக் கூகிள் பிளஸ் பெட்டியை வைத்துக்கொள்ளலாம் என்றது. பலர் நம்பி மாறினர். 2019 இல் அத்தளம் பொதுமக்களுக்கு மூடப்பட்டபோது, அப்பெட்டிகளில் எழுதப்பட்ட கருத்துகள் பதிவுகளிலிருந்து மறைந்தன. அவற்றைப் பழைய முறைக்கு மாற்றிக் காக்க வழி தரப்படவில்லை. இடுகை நின்றது, அதனைச் சூழ்ந்து எழுந்த குரல்கள் மாத்திரம் அழிந்தன. டுவிட்டரை ஈலோன் மஸ்க் 2022 ஒக்ரோபரில் 4,400 கோடி டொலருக்கு வாங்கினார். 2023 இல் அதன் பெயரும் மாற்றப்பட்டது. ஆராய்ச்சியாளர் அதன் பதிவுகளை எடுத்து ஆராய்வதற்குப் பயன்படுத்தி வந்த இலவச வழியும் அவ்வாண்டிலேயே அடைக்கப்பட்டது. பல கோடி மக்கள் எழுதியது, எழுதியோரைக் கேளாமலே ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்றது.

வலைப்பதிவு முழுமையான சொந்தக் காணி என்று கூறுதலும் மிகையே. புளொக்கரில் எழுதியோரும் கூகிளின் நிலத்திலேதான் குடியிருந்தனர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே எழுதியதைத் தேடுபொறி கண்டெடுத்தது. பெயர் பதியாத வழிப்போக்கரும் படிக்க முடிந்தது. முழுவதையும் படியெடுத்துக்கொண்டு வேறிடம் செல்லவும் முடிந்தது. 1996 முதல் வலைப் பக்கங்களைச் சேமித்து வரும் இணைய ஆவணக் காப்பகமும் அவற்றுட் பலவற்றைப் படியெடுத்து வைத்துள்ளது. மூடிய தளங்களின் உள்ளே நடக்கும் பேச்சை அவ்வாறு காப்பது எளிதன்று.

இவ்விழப்பை உணர்ந்தோர் மாற்று வழிகளைத் தேடினர். 2016 இல் வெளிவந்த மஸ்தொடொன் என்னும் மென்பொருள், பலர் தத்தமக்கெனச் சிறு தளங்களை நடத்தி, அவை ஒன்றோடொன்று உரையாட வழி செய்தது. வேறு வேறு தளங்கள் இவ்வாறு பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறையை உலக வலைச் சங்கம் 2018 இல் ஏற்று வெளியிட்டது. ஒருவர் தம் தளத்தில் எழுதிய மறுமொழியை மற்றவர் தளத்திற்கு அறிவிக்கும் விதிமுறையும் 2017 இல் அதே சங்கத்தால் ஏற்கப்பட்டது. 2002 இல் மூவபிள் ரைப் கண்ட பழைய எண்ணமே பதினைந்து ஆண்டுகளின் பின்னர்ச் செம்மைப்பட்டு மீண்டது எனலாம். ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் எண்ணிம வடிவிற் காத்து வரும் நூலகம் திட்டம், தன்னார்வலர் சிலர் கைகோத்தால் ஒரு சமுதாயத்தின் எழுத்தை எவ்வாறு பேணலாம் என்பதற்கு நம்மிடையே உள்ள சான்று.

சந்தைக்குச் செல்லாதீர் என்று மக்களிடம் கூறுவது பயனற்றது. சந்தை மக்களுக்கு வேண்டியதே. ஆனால் விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பும் கமக்காரர் விதைநெல்லை வீட்டிலே வைத்துக்கொள்வார். ஆழ்ந்து எழுதியதைத் தமக்குரிய இடத்தில் முதலில் வைத்து, அதன் செய்தியை மாத்திரம் பொதுத்தளத்திற்கு எடுத்துச் செல்வோர் இன்றும் உளர். நல்ல மறுமொழி ஒன்று வெளியே கிடைத்தால், எழுதியவரின் இசைவு பெற்று அதனைத் தம் பக்கத்திலே சேர்த்து வைப்போரும் உளர்.

நாளை ஒரு வரலாற்று மாணவர், தமிழர் இணையத்திலே எவற்றைப் பற்றி வாதிட்டனர் என்று அறியப் புகுவாராயின், 2006 ஆம் ஆண்டின் இடுகையொன்றைத் திறந்து, அதன் கீழே நிற்கும் பின்னூட்டங்களை வரிசையாகப் படிக்கலாம். எவர் தொடங்கினார், எவர் மறுத்தார், எவர் மனம் மாறினார் என்பது தெரியவரும். 2016 ஆம் ஆண்டைப் பற்றி அவர் அறிய விரும்பினால், முதலில் ஒரு கொம்பனியின் வாயிலில் நின்று அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.